வழக்கம்போல் முடிக்கவும்

அந்த நிறுவனத்தில் அவரைப் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி எடுத்துக்கொண்டதில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் யாரும் அவரைத் திருத்தப் போகவில்லை.

கிடங்குகளில் சரக்குக் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேரைச் செய்து விற்கிற நிறுவனம் அது. செய்கிறவர்கள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். விற்கிறவர்களுக்கு ஜன்னலோரம். செய்ததை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிற புலவருக்குத் தண்ணீர்க் குழாய்க்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட இடம். எல்லோரும் அந்த வழியாகப் போவார்கள், யாரும் நிற்க மாட்டார்கள். அவர் எழுதிய கையேட்டுக்கும் அதே கதிதான்.

ஆனால் கையேட்டில் ஓர் ஒற்றுப்பிழை கண்டுபிடித்துவிட முடியாது. ஒருமுறை ஒரு பொறியாளர் 'கோப்பை திறக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "எந்தக் கோப்பை தம்பி, காபிக் கோப்பையா? நடுவுல ஒரு 'த்' இல்லேன்னா காபிதான் கொட்டும்" என்றார் புலவர். இதை அலுவலகத்திலும் சொன்னார், வீட்டிலும் சொன்னார், இரண்டு இடத்திலும் தானே சிரித்துக்கொண்டார். புள்ளி வைத்த ஓர் எழுத்துக்காக நாளெல்லாம் சாப்பாடு இறங்காமல் தவிக்கிறவர், ஒரு முழு வாக்கியம் குப்புறக் கவிழ்ந்து கிடந்ததை மட்டும் பார்க்கவில்லை. பல பதிப்புகளாக அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

சரக்கு வெளியே போவதை எப்படிப் பதிவது என்று விளக்கும் முதல் பாடத்தின் கடைசி வரி அது: 'விவரங்களைச் சேமித்து, வழக்கம்போல் முடிக்கவும்.'

இந்தச் சமயத்தில்தான் அவருடைய மைத்துனன் வேலை பார்த்த செருப்புக்கடையை மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய ஆள். தலையில் பேருக்கும் ஒரு முடி கிடையாது, வாய் மட்டும் ஓயாது. குடியிருந்த வீட்டைக் காலிசெய்து, மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். நிரந்தரமாக ஒரு வேலை கிடைத்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டு, ஸ்கூலில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கு வருவாள். அவன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவான்.

அலைந்து திரிந்து ஒரு டைல்ஸ் கிடங்கில் வேலை கிடைத்தது. இப்போதைக்குத் தற்காலிகம், சரிப்பட்டுவந்தால் நிரந்தரம் என்றார் கிடங்கு முதலாளி. அங்கே ஓடுவது புலவரின் நிறுவனம் செய்த அதே சாஃப்ட்வேர். புலவரின் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "உன் மாமா எழுதின புத்தகத்தை வெச்சுத்தான்டா அங்க வேலையே நடக்குது. அப்புறம் உனக்கென்ன கவலை" என்று தம்பிக்குத் தைரியம் சொன்னாள். கிடங்கில் அந்தப் புத்தகம் முதலாளியின் மேஜை ஆடாமலிருப்பதற்காக அதன் காலுக்கு அடியில் கொடுக்கப்பட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. மைத்துனன் மேஜையைத் தூக்கி, அதை உருவி, துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தான். புலவரின் கையேட்டை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்த முதல் மனிதன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

படித்தவனுக்குச் சந்தேகம் வந்தது. வராமலிருக்குமா. புலவர் சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்த்துக்கொண்டிருக்கையில் கையேட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, 'வழக்கம்போல் முடிக்கவும்'னு போட்டிருக்கே. திரையில கீழ ஓரமா 'முடி'ன்னு செவப்பா ஒரு பட்டன் இருக்கு. அதைத்தான் அமுக்கணுமா?"

புலவர் திரும்பவில்லை. "வேற எதை அமுக்குவ மாப்ள? படிச்சா புரியற மாதிரிதானே எழுதியிருக்கேன்."

உண்மை என்னவென்றால், அந்தச் சாஃப்ட்வேரைப் புலவர் தொட்டே பல காலம் ஆயிற்று. பொறியாளர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவார், ஒற்றுப் போடுவார், அச்சுக்கு அனுப்புவார். 'முடி' என்கிற பட்டன் மொத்தச் சாஃப்ட்வேரையும் மூடிவிட்டு வெளியே போவதற்கானது என்பது அவருக்குத் தெரியாது. சரக்கு வெளியே போனதைக் கணக்கில் கழிக்க, மேலே 'செயல்கள்' என்ற இடத்தைத் திறந்து, அதற்குள் ஒளிந்திருக்கிற 'உறுதிசெய்' என்பதை அமுக்கவேண்டும். அதைச் செய்யாதவரை சேமித்ததெல்லாம் வெறும் வரைவு. யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் தூங்கும்.

மாமாவே சொல்லிவிட்டாரே என்று மைத்துனன் நம்பிக்கையோடு 'முடி'யை அமுக்கினான். சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. வேலை முடிந்ததால் மரியாதையாக மூடிக்கொள்கிறது போலிருக்கிறது என்று நினைத்தான். ஒவ்வொரு லோடு டைல்ஸுக்கும் உள்ளே வந்தான், எழுதினான், சேமித்தான், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான், மறுபடி தட்டித் திறந்து உள்ளே வந்தான். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் இவ்வளவு ஒழுங்காக ஓர் ஆள் தப்பைச் செய்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிடங்கை விட்டு எப்போதோ போய்விட்ட டைல்ஸெல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கு குலையாமல் இருந்தன. விற்பனைக்காரர்கள் அதைப் பார்த்து அவற்றை இன்னொரு முறை விற்றார்கள். வீடு கட்டுகிற ஒருவர், கொத்தனார்களைத் தரையில் உட்காரவைத்துவிட்டு நேரே கிடங்குக்கு வந்து முதலாளியின் சட்டையைப் பிடிக்காத குறை. முதலாளி அந்தக் கோபத்தை அப்படியே வாங்கி மைத்துனனிடம் கொடுத்தார். ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் கணக்கு நேரானால் இரு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இதைக் கேட்ட புலவர், செருப்பு விற்றவனுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவு சுலபமாக வந்துவிடுமா என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். முன்னறைக்குக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்ந்திருந்தது.

இதற்கு நடுவில் நிறுவனத்துக்குத் தெளிவு வந்தது. அதாவது, தெளிவுக்கென்று ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். உதவிக்குப் போன் செய்கிற வாடிக்கையாளர்கள் பெருகிவிட்டார்கள், கையேட்டைத் தெளிவாக்கினால் போன் குறையும் என்று யாரோ மேலிடத்தில் ஓதியிருக்கிறார்கள். நிபுணர் முதல் நாள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார். பயனர் பயணத்தின் உராய்வுப் புள்ளிகளை அகழ்ந்தெடுத்து, புரிதலின் பாதையை ஒளியூட்டி, எழுத்தைக் கண்ணாடிபோல் ஆக்குவதே தம் நோக்கம் என்றார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கண்ணாடி என்று பெயர்.

ஆனால் கண்ணாடி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனிதர் பேசுகிற பாஷையில் கேட்டார். இந்தச் சாஃப்ட்வேர் அறவே தெரியாத ஓர் ஆளைக் கூட்டிவந்து, கையில் கையேட்டைக் கொடுத்து, அவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் யாரிடமாவது உண்டா?

"என் மைத்துனன் இருக்கான். கிடங்குல அதைத்தான் தட்டிக்கிட்டிருக்கான், ஆனா ஒண்ணும் தெரியாது" என்றார் புலவர், வீட்டில் ஒரு பழைய நாற்காலி சும்மா கிடக்கிறது என்று சொல்வதைப்போல.

மைத்துனன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். இங்கே நன்றாகச் செய்தால் கிடங்கு முதலாளியிடம் மாமா ஒரு வார்த்தை சொல்வார் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் அகலமான ஒரு கண்ணாடி. அவன் பக்கம் அதில் அவன் முகம் தெரியும். இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருந்த புலவருக்கும் நிபுணருக்கும் பொறியாளர்களுக்கும் அவனே தெரிவான், அவன் திரையில் ஓடுவது அவர்கள் பக்கத்து இன்னொரு திரையில் தெரியும். எல்லாவற்றையும் ஒரு கேமரா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி சொல்லியிருந்தார்கள். அவனிடம் அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

பேசிக்கொண்டே எழுதினான், பேசிக்கொண்டே சேமித்தான், பேசிக்கொண்டே 'முடி'யை அமுக்கினான். திரை வெறுமையாயிற்று. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தான். சரக்கு குறையவில்லை. மறுபடி 'முடி'. மறுபடி வெறுமை. அவன் தலையைத் தூக்கி எதிரே கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். வழுக்கையை மெதுவாக ஒரு தடவு தடவிக்கொண்டான்.

"என்ன செஞ்சாலும் முடி நிக்க மாட்டேங்குது. சின்ன வயசுலேர்ந்தே எனக்கும் முடிக்கும் ராசியில்ல சார்."

இருட்டில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடி நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புலவரும் சிரித்தார், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது மைத்துனன் அதே குரலில் தொடர்ந்தான்: "இதை எழுதினது எங்க மாமாதான். எதை அமுக்கணும்னு அவர்கிட்டயே கேட்டேன். இதைத்தான் அமுக்கச் சொன்னாரு."

சிரிப்பு சட்டென்று வடிந்தது. எல்லோரும் திரையைப் பார்ப்பதுபோல் புலவரைப் பார்க்காமலிருந்தார்கள்.

அது என்ன 'வழக்கம்போல்', யாருடைய வழக்கம் என்று நிபுணர் கேட்டார். மூத்த பொறியாளர் யோசித்து யோசித்து வேரைப் பிடித்தார். சாஃப்ட்வேரின் முதல் பதிப்பைச் செய்தவர்களே பயன்படுத்தினார்கள், அதற்குக் கையேடு கிடையாது. இரண்டாவது பதிப்பு வந்தபோதுதான் புலவர் வேலைக்குச் சேர்ந்தார். பழைய ஆட்களுக்கு எது மாறியிருக்கிறது என்று மட்டும் ஒரு குறிப்பு எழுதினார். மாறாத இடத்தில் 'வழக்கம்போல்' என்று போட்டார். அப்போது அது சரி. அந்தக் குறிப்புதான் வளர்ந்து, பெருத்து, அட்டை போட்டுக்கொண்டு, 'தொடக்கநிலைப் பயனருக்கான முழுமையான கையேடு' ஆனது. 'வழக்கம்போல்' மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. எழுதப்படாத ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லாப் பதிப்புகளும் கைகாட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒருநாள் யாரோ திரையில் 'வெளியேறு' என்றிருந்ததை, இடம் போதவில்லை என்று, 'முடி' என்று சுருக்கினார்கள். கோப்பைக்குக் காபி ஊற்றிச் சிரித்தவரின் வாசலில் முடி வந்து விழுந்தது இப்படித்தான்.

வீடியோவைப் பற்றித் தம்பி சொல்லக்கேட்ட மனைவி, அன்று சாப்பாட்டை வைக்கும்போது அதிகம் பேசவில்லை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். "எங்க டாக்டர் 'வாயைத் தொறங்க'ன்னுதான் சொல்றாரு. 'வழக்கம்போல் தொறங்க'ன்னு சொன்னா, ஒருத்தன் சாப்பிடறதுக்குத் தொறப்பான், ஒருத்தன் உங்களை மாதிரி பீத்திக்கறதுக்குத் தொறப்பான்" என்று மட்டும் சொன்னாள்.

புலவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து உண்மையாகவே வேலை செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். சாஃப்ட்வேரைத் திறந்து ஒவ்வொரு படியையும் தானே செய்து பார்த்து எழுதினார். எந்த இடத்தில் எந்தச் சொல் தெரியும், அதை அமுக்கினால் என்ன நடக்கும், நடக்காவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதினார். 'சேமித்தால் மட்டும் சரக்கு குறையாது' என்று முதல் பக்கத்திலேயே எழுதினார். 'எளிதாக', 'வெறுமனே', 'தெரிந்ததே' எல்லாவற்றையும் களைந்தெறிந்தார். எழுத எழுத, மறுமுனையில் ஒரு வழுக்கைத் தலை உட்கார்ந்து கேள்வி கேட்பது அவருக்குக் கேட்டது. அந்தத் தலை கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் அவர் முன்கூட்டியே பதில் எழுதினார். நல்ல கையேடுதான்.

மைத்துனனுக்கோ, சோதனை நடந்த அன்றைக்கே பொறியாளர் ஒருவர் 'உறுதிசெய்' இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கிடங்கில் ஒரு பெட்டிகூடப் பிசகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த வரைவுகளையெல்லாம் எழுப்பிக் கணக்கை நேராக்கினான். கிடங்கு முதலாளி முகத்தில் சிரிப்பு வந்தது. மாதம் முடிந்ததும் நிரந்தரம் செய்துவிடலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். மைத்துனன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். மகளிடம் போனில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னான். முதன்முறையாக முன்னறையிலிருந்தே பேசினான்.

புதிய கையேட்டை வெளியிட நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கூட்டி ஒரு விழா வைத்தது. புலவருக்கு மேடையில் கேடயம். அதற்கு முன்னால் அந்த வீடியோவைப் போடுவதாக ஏற்பாடு. நிபுணர் அதை வெட்டி ஒட்டி, வழுக்கையைத் தடவுகிற இடத்தில் ஓர் இசைத்துணுக்கும் சேர்த்துப் புலவருக்குப் போட்டுக்காட்டினார்.

புலவர் பார்த்தார். அழைப்புப் பட்டியலில் டைல்ஸ் கிடங்கு முதலாளி இருப்பது அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசியில ஒரு வரி வருதே... மாமாகிட்ட கேட்டேன்னு. அது வேண்டாமே."

"தாராளமா எடுத்துடலாம்" என்றார் நிபுணர். உடனே எடுத்தும் விட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

"அப்புறம்... முகத்தைக் கொஞ்சம் மறைச்சா?"

"முகம்தான் சார் கதையே. அந்த வழுக்கையை மறைச்சா யார் சிரிப்பாங்க?"

புலவர் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒரு வரியை எடுத்தவர் ஒரு முகத்தையும் எடுத்திருப்பார். ஆனால் அதற்குள் நிபுணர் கேடயத்தில் பொறிக்கவேண்டிய வாசகத்தைக் காட்டினார். அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. புலவர் அதைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

விழாவில் வீடியோ ஓடியது. அரங்கம் குலுங்கியது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் கிடங்கு முதலாளி. திரையில் இருப்பவனை அவருக்கு உடனே பிடிபடவில்லை, இருட்டு, இசை, பெரிய திரை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறுவனத்தின் விற்பனைக்காரர், வாடிக்கையாளரைக் குளிரவைக்கிற சந்தர்ப்பம் இது என்று நினைத்து, சுற்றியிருந்த நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "நம்ம சார் கிடங்கு ஆளுதாங்க இவரு!"

நாலு வரிசையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கிடங்கு முதலாளி சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

மேடையில் புலவர் பேசினார். எழுதுகிறவன் தன்னைப் படிக்கிறவன் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல கைதட்டல்.

மறுநாள் மைத்துனனைக் கிடங்கில் உள்ளே விடவில்லை. ஊர் சிரிக்கிற ஆளை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது சரியாகத்தானே செய்கிறேன் என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறான். சரியாகச் செய்வதை யார் பார்த்தார்கள், தப்பாகச் செய்ததைத்தான் அத்தனை பேரும் பார்த்தார்கள் என்று பதில் வந்திருக்கிறது. அவனுடைய இடத்துக்கு வேறொருவரை எடுத்தார்கள். புதிய கையேட்டை வைத்து அவர் ஒரே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாராம். கிடங்கு முதலாளி நிறுவனத்துக்குப் பாராட்டி எழுதியிருந்தார்.

மைத்துனன் தன் பெட்டியைக் கட்டினான். மாமியார் ஊரில் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்றான். அக்கா தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள், கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

கேடயத்துக்குப் பக்கத்தில் புதிய கையேடு கிடந்தது. செருப்பை மாட்டப்போனவன் திரும்பி வந்து அதை எடுத்தான். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினான். புலவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நேரத்திலும், வெட்கங்கெட்ட மனசு, இவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தது.

"நல்லா இருக்கு மாமா. எங்கயும் தடுக்கல. நிஜமாவே கண்ணாடி மாதிரி இருக்கு." கடைசிப் பக்கத்துக்கு வந்தான். "இந்த ஒரு இடம்தான் எனக்குப் புரியல."

புலவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். நன்றியுரை. 'தம் பெயரைக் குறிப்பிட விரும்பாத தொடக்கநிலைப் பயனர் ஒருவருக்கு எங்கள் நன்றி.'

"விரும்பலேன்னு போட்டிருக்கே. எங்கிட்ட யாரு கேட்டா?"

உள்ளே பொட்டலம் கட்டுகிற காகிதச் சத்தம் நின்றது.

புலவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது.

"அது ஒண்ணுமில்ல மாப்ள" என்றார். "வழக்கமா அப்படித்தான் போடறது."